பெட்டி ஆமைக்கு ஒரு சுவர்

1944-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஆற்றோரக் காடு ஒன்றில் லூசில் ஸ்டிக்கெல் என்ற விஞ்ஞானி பெட்டி ஆமைகளைப் பின்தொடரத் தொடங்கினார். அப்போது ரேடியோ கருவியெல்லாம் கிடையாது. ஆமையின் முதுகில் நூல்கண்டு ஒன்றைப் பொருத்தி, நூலின் நுனியை ஒரு செடியில் கட்டிவிட வேண்டும். ஆமை நடக்க நடக்க நூல் பிரிந்து, அது போன வழியெல்லாம் கிடக்கும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனபோது தெரிந்தது: பெரும்பாலான ஆமைகள் சுமார் 100 மீட்டர் அகலமுள்ள நிலத்துக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பத்து இருபது ஆண்டுகள் கழித்துத் தேடியபோதும், அதே ஆமைகளில் பல அதே இடத்தில் இருந்தன.

தோட்டத்தில் பெட்டி ஆமைக்கு அடைப்பு கட்டப் போகிறவர் முதலில் இதைத்தான் மனதில் வாங்க வேண்டும். பெட்டி ஆமைக்குத் தேசாந்திரம் போகும் ஆசை கிடையாது. தனக்குப் பழகிய மரம், பழகிய ஈரம், பழகிய வெயில் இருந்தால் அங்கேயே ஐம்பது வருடம்கூட வாழ்ந்துவிடும். அப்படிப்பட்டது சுவரைச் சுரண்டுகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் தெரிந்து கட்டிய இரண்டடிச் சுவர், தெரியாமல் கட்டிய நான்கடிச் சுவரைவிடப் பத்திரமானது.

நாம் பேசுவது அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வாழும் கிழக்குப் பெட்டி ஆமையைப் பற்றி. உள்ளங்கை அளவுதான், 11 முதல் 15 செ.மீ. நீளம். முதுகு ஓடு உயர்ந்து கவிந்திருக்கும். வயிற்று ஓட்டின் குறுக்கே கதவுக் கீல் போல ஒரு மடிப்பு உண்டு. தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஓட்டை மேலே தூக்கி மூடினால் மூடிய பெட்டிதான். பெயரும் அதனால் வந்ததே.

சரி, இது எப்படிச் சுவர் ஏறுகிறது?

வழுவழுப்பான நேர்ச்சுவரில் ஏற முடியாது. பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, வயிற்றைச் சுவரில் ஒட்டி, முன்னங்கால்களை மேலே நீட்டும். ஆனால் உடலின் எடை முழுக்க அந்தக் கவிந்த முதுகுப் பக்கம், சுவரைவிட்டுச் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த எடை அதைப் பின்னோக்கிச் சாய்க்கும். நகத்துக்குப் பிடி கிடைக்காவிட்டால் மல்லாந்து விழும். இதே ஆமைக்குக் கம்பி வலையைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணும் ஓர் ஏணிப்படி. நகத்தைக் கொக்கிபோல மாட்டி மேலே போய்விடும். ஆமைதானே, எங்கே ஏறப் போகிறது என்று கோழிவலை கட்டியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நேர்ச்சுவரைவிட ஆபத்தானது மூலை. இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் ஒரு பக்கக் கால்கள் ஒரு சுவரையும், மறுபக்கக் கால்களோ ஓட்டின் விளிம்போ மற்றச் சுவரையும் அழுத்தும். குறுகலான சந்தில் இரண்டு பக்கச் சுவரிலும் காலை ஊன்றிச் சிறுவர்கள் மேலே ஏறுவார்களே, அதே வித்தைதான். எவ்வளவு பலமாக அழுத்துகிறதோ அவ்வளவு உராய்வு, அவ்வளவு பிடிமானம். அதனால் மூலையை வளைவாகக் கட்டுவது நல்லது. முடியாவிட்டால், மூலையின் உச்சியில் ஒரு முக்கோணப் பலகையைக் கிடையாக அடித்து மூடிவிடுங்கள்.

உயரம் எவ்வளவு? நிமிர்ந்து நிற்கும் ஆமை ஏறத்தாழ 20 செ.மீ. எட்டும். அது இன்னொரு ஆமையின் முதுகிலோ சுவரோரம் கிடக்கும் மரக்கட்டையிலோ ஏறி நின்றால் இன்னும் பத்துப் பன்னிரண்டு செ.மீ. கூடும். ஆகவே தரைக்கு மேல் 45 செ.மீ. குறைந்தபட்சம், 60 இருந்தால் நிம்மதி. அதன் உச்சியில், ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு வைப்பதுபோல, 10 முதல் 15 செ.மீ. அகலப் பலகை ஒன்றை உள்பக்கமாக நீட்டி அடிக்க வேண்டும். அதைத் தாண்ட வேண்டுமானால் ஆமை தலைகீழாகத் தொங்கியபடி வெளியே வளைந்து ஏற வேண்டும். அதன் உடலமைப்பில் அது நடக்காத காரியம். கட்டையும் கல்லும் தண்ணீர்த் தட்டும் சுவரிலிருந்து நன்கு தள்ளியே இருக்கட்டும்.

அப்புறம், சுவரின் வழியே வெளியே எதுவும் தெரியக் கூடாது. பெட்டி ஆமைக்குப் பார்வை நன்றாகவே உண்டு, நிறமும் தெரியும். கண்ணாடியோ வலையோ இருந்தால், வெளியே தெரியும் புல்தரையை அது தனக்குத் திறந்திருக்கும் வழியாகவே எடுத்துக்கொள்ளும். நாள் முழுக்க மூக்கு தேய முட்டிக்கொண்டே நடக்கும். அதைப் பார்க்கவே மனசு கஷ்டப்படும். பலகையோ ஹாலோ பிளாக்கோ வைத்து மறைத்தால் பெரும்பாலும் இந்த முட்டல் அடங்கிவிடும். மரம் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: அமெரிக்காவில் 2003 இறுதி வரை, வீட்டு உபயோகத்துக்கான பலகைகளிலும் கரையான் அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றப்பட்டது. பழைய வேலியிலிருந்து பிரித்த பச்சை நிறப் பலகைகளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

மேலே போக முடியாதபோது கீழே தோண்டும். பெட்டி ஆமை நீண்ட வளை தோண்டும் இனம் இல்லை. சருகிலும் பொலபொலப்பான மண்ணிலும் புதைந்துகொள்ளும், அவ்வளவே. ஆனால் நடந்து வந்து சுவரில் முட்டியதும், அந்தச் சுவரடியிலேயே தோண்டத் தொடங்கும். எனவே சுவரை 30 செ.மீ. ஆழம் புதைக்கலாம். இன்னொரு வழி எனக்கு அதிகம் பிடித்தது: அரை அங்குலக் கண்ணுள்ள கனமான கம்பி வலையைச் சுவரின் அடியில் பொருத்தி, உள்பக்கமாக இரண்டடி நீளத்துக்கு மண்ணுக்கடியில் கிடையாக விரித்துவிடுவது. சுவரடியில் தோண்டும் ஆமை வலையைத் தொட்டதும் நின்றுவிடும். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து சுரங்கம் போடலாம் என்ற யோசனை அதற்கு வராது.

குளிர்காலம்தான் இந்தக் கணக்கைக் குழப்பும். உறைபனி இறங்கும் ஊர்களில் ஆமை பல மாதங்கள் மண்ணுக்குள் உறங்கும். குளிர் இறங்க இறங்கத் தானும் கீழே இறங்கும். இந்த இனத்துக்கு வியப்பூட்டும் ஒரு திறமை உண்டு. உடலின் நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாக உறைந்தாலும் சில நாட்கள் தாங்கி, உருகியதும் எழுந்து நடக்கும். ஆனாலும் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. அடைப்பின் ஒரு பகுதியில் மண்ணை நன்கு கொத்தி, மேலே ஓரடி உயரத்துக்குச் சருகைக் குவித்து, அந்தப் பக்கச் சுவரை மட்டும் இன்னும் ஆழமாக இறக்குங்கள். மண்ணிலுள்ள ஈரம் உறையும்போது விரிந்து, சுவரையும் கம்பங்களையும் மேலே தள்ளும். வசந்தத்தில் பனி உருகியதும் சுவரடியைச் சுற்றி வந்து, புதிதாக விழுந்த இடைவெளிகளை அடைக்க வேண்டும்.

மே, ஜூன் மாதங்களில் பெண் ஆமைகள் சுவரோரம் ஓயாமல் நடப்பதைப் பலர் 'தப்பிக்கப் பார்க்கிறது' என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது முட்டையிட இடம் தேடுகிறது. காட்டிலும் இதற்காகத் தன் எல்லையை விட்டு வெளியே போகும். வெயில் விழும், செடியில்லாத, தளர்ந்த மண் ஒரு மூலையில் இருந்தால் அங்கே நான்கைந்து முட்டையிட்டு மூடிவிட்டு அமைதியாகிவிடும். மற்ற நாட்களின் நடைக்கும் இப்படிக் காரணங்கள் இருக்கும். நிழல் போதாமல் இருக்கலாம், மண் காய்ந்திருக்கலாம். அதிக வெப்பத்தில் இதற்கு வாயில் நுரை தள்ளும், அது அபாயக் குறி. அடைப்பில் பாதிக்கு மேல் நிழல் வேண்டும். ஒன்றிரண்டு ஆமைகளுக்கு நான்குக்கு எட்டடி இடம் மிகக் குறைந்த அளவு. முடிந்தால் இரண்டு மடங்கு கொடுங்கள். முகவாய் வரை மட்டும் நனையும் ஆழத்தில் தண்ணீர்த் தட்டு, புதர், அழுகும் கட்டை, அதனடியில் தானாக வரும் மண்புழுவும் ஓடில்லா நத்தையும், மழைக்குப் பின் முளைக்கும் காளானும் இருந்தால் ஆமை சுவர்ப் பக்கமே அதிகம் போகாது.

வெளியிலிருந்து வருவதையும் யோசிக்க வேண்டும். ரக்கூன் என்ற அமெரிக்கக் காட்டு விலங்கின் கைகள் மனிதக் கைபோல லாவகமானவை. மூடிய பெட்டியைத் திறக்க முடியாவிட்டாலும், ஆமை மூடத் தாமதித்தால் காலைக் கடித்துவிடும். சிறு குட்டிகளுக்குச் சில ஆண்டுகள் வரை கீல் வேலை செய்யாது, அவற்றால் மூடவே முடியாது. அதனால் மேலே கம்பி வலை மூடியும் கொக்கியும் அவசியம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் வலை வழியே வரும், கண்ணாடியோ அதில் ஆமைக்குத் தேவையான பகுதியைத் தடுத்துவிடும். ஓடு உறுதியாக அதுவே வைட்டமின் டி தருகிறது.

இந்த ஆமை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் அதிகாரபூர்வ அடையாள ஊர்வன விலங்கு. பல மாநிலங்களில் காட்டிலிருந்து எடுப்பது குற்றம். வளரப் பல ஆண்டுகள் எடுத்து, ஆண்டுக்குச் சில முட்டைகளே இடும் இனத்தில் வளர்ந்த ஒன்று போனாலும் இழப்பு பெரிது. வளர்ப்பில் பிறந்ததை மட்டும் வாங்குங்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: நம் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம், எவ்வளவு நல்ல அடைப்பு கட்டினாலும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. முதுகு ஓட்டின் மஞ்சள் கோலம் ஒவ்வொரு ஆமைக்கும் வேறு வேறு. அடைப்புக்குள் விடும் முன்பே மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். தினமும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் முதலில் உள்ளே சருகைக் கிளறிப் பாருங்கள், பாதி நேரம் அங்கேதான் புதைந்திருக்கும். இல்லையென்றால் சுவரின் வெளிப்பக்கத்தை ஒட்டியே தேடத் தொடங்குங்கள். அன்று கிடைக்காவிட்டால், அடுத்த மழை விட்டதும் விடியற்காலையில் மறுபடி போய்ப் பாருங்கள்.