மேற்பிடி வாள்: ‘டாப் ஹேண்டில் செயின்சா’வுக்குத் தமிழில் என்ன பெயர்?

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட மறுநாள், எங்கள் தெரு கண்விழித்ததே மரம் அறுக்கும் மெஷின் சத்தத்தில்தான். சாய்ந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தைத் தரையில் நின்று ஒருவர் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வேப்பமரத்தின் உச்சியில் இன்னொருவர், கையில் அதைவிடச் சின்ன மெஷின். இடது கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் அறுத்தார். “அது என்னண்ணே, சின்னதா இருக்கு?” என்று கீழே இருந்தவரிடம் கேட்டேன். “அதுவா, ஒத்தக்கை மெஷின் சார்” என்றார்.

பெயர் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு. அந்த மெஷினை ஒற்றைக் கையால் பிடிக்கக் கூடாது என்பதுதான் அதைப் பற்றிச் சொல்லித்தரும் முதல் பாடம்.

ஆங்கிலப் பெயர் ‘டாப் ஹேண்டில் செயின்சா’. பின்னாலிருந்து வருவோம். ‘சா’ என்றால் நமக்கு உடனே வாயில் வருவது ரம்பம். ரகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பதால் பழைய அகராதிகள் ‘இரம்பம்’ என்று எழுதும். தெலுங்கிலும் ‘ரம்பமு’ உண்டு. நமக்கே உரிய பழைய சொல் வாள். வாள் என்றதும் அரசர் இடுப்பில் தொங்குவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் 334ஆம் குறளைப் பாருங்கள்: ‘நாளென ஒன்றுபோற் காட்டி உயிர்ஈரும் வாளது’. ஈர்தல் என்றால் அறுத்துப் பிளப்பது. ஒரே வெட்டில் முடிக்காமல், நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அறுக்கும் வாள் போர்வாளாக இருக்க முடியாது; அது ரம்பம்தான். ‘ஈர்வாள்’ என்ற சொல்லும் அகராதியில் இருக்கிறது. இலங்கைத் தமிழர் தச்சரின் ரம்பத்தை இன்றும் வாள் என்றே சொல்கிறார்கள். நம் பக்கமோ ரம்பம், அறுவை இரண்டையும் மொக்கை பேச்சுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

‘செயின்’ சங்கிலி. இது வடமொழி ‘ச்ருங்கலா’வின் பிராகிருத வடிவம் வழியாக வந்தது. தனித்தமிழ் வேண்டுவோர் ‘தொடர்’ என்பார்கள். அதற்கும் சான்று உண்டு: புறநானூற்று 74ஆம் பாட்டில், சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை தன் நிலையைத் ‘தொடர்ப்படு ஞமலி’யோடு ஒப்பிடுகிறான், அதாவது சங்கிலியில் கட்டிய நாயோடு. ஆனால் இன்று தொடர்வாள் என்றால் டிவி தொடரா என்று கேட்பார்கள். சங்கிலிவாள் போதும், எல்லாருக்கும் புரியும்.

இனி ‘டாப் ஹேண்டில்’. 1926இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் செய்த மின்சார வாளை இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. எடை குறையக் குறைய ஒருவரே தூக்கும்படி ஆனது. அப்படி வந்த வழக்கமான வாளில் பின்பிடி இன்ஜினுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தின் மேல், கிளைகளுக்கு நடுவே அது இடிக்கும். அதனால் பிடியை இன்ஜினின் தலைமேலேயே கொண்டுபோய் வைத்தார்கள். கையில் தூக்கினால் எடை நேராகக் கைக்குக் கீழே தொங்கும். முன்பக்கமும் சாயாது, பின்பக்கமும் சாயாது. மேல் + பிடி = மேற்பிடி. ஆகவே மேற்பிடிச் சங்கிலிவாள். சுருக்கமாக மேற்பிடி வாள்.

இந்த வசதிக்குக் கொடுக்கும் விலைதான் உதைப்பு. சங்கிலி, தன்னைத் தாங்கும் நீண்ட இரும்புப் பட்டையின் (கைடு பார்) மேல்புறம் முன்னோக்கி ஓடி, நுனியைச் சுற்றிக் கீழ்ப்புறமாகத் திரும்பி வருகிறது. நுனியின் மேல் கால்பகுதி கட்டையில் பட்டால், பல் மாட்டி, வாள் முழுதும் மேலும் பின்னுமாக முகத்தை நோக்கித் துள்ளும். பின்பிடி வாளில் இரண்டு கைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருப்பதால் அடக்க முடிகிறது. இதில் இரண்டு பிடியும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பட்டையும் குட்டை, உடம்புக்கு நெருக்கம். இடது கை முன்பிடியில் இருந்தால், துள்ளும்போது மணிக்கட்டு, பிடிக்கு முன்னால் நிற்கும் காப்பில் பட்டு, சங்கிலியை நிறுத்தும் பிரேக் விழ வாய்ப்பிருக்கிறது. அந்தக் கை கிளையைப் பிடித்திருந்தால்? அதுவும் கிளையைப் பிடித்த கை பல்லுக்கு எவ்வளவு பக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பெயரும் சாத்தியம். ஐஎஸ்ஓ 11681 தரவிதி இரண்டு பகுதிகள் கொண்டது: முதலாவது காட்டு வேலைக்கான வாள், இரண்டாவது மரப் பராமரிப்புக்கான வாள். அதாவது பிடியை விட்டுவிட்டு வேலையை வைத்துப் பெயர். அந்த வழியில் ‘மரமேறி வாள்’ என்று நானே ஒருமுறை எழுதினேன். ஒரு நண்பர் தடுத்தார். பனையேறுபவர்களை இழிவாகக் கூப்பிடப் பயன்பட்ட சொல் அது. சரி என்று விட்டுவிட்டேன்.

கடையில் வாங்கும்போது பெயரைவிட ஓர் எழுத்து உதவும். மேற்பிடி வாள் என்று காட்ட ஷ்டீல் நிறுவனம் மாடல் எண்ணுக்குப் பின்னால் ‘டி’ (T) போடும், ஹஸ்க்வர்னா நிறுவனம் இப்போதைய மாடல்களில் முன்னால் போடும். பட்டை 10 முதல் 14 அங்குலம் இருந்தால் பெரும்பாலான கிளை வேலைக்குப் போதும். மேலே உட்கார்ந்து நீளமான பட்டையோடு மல்லுக்கட்டுவதில் லாபமில்லை. பின்புறம், வாளை இடுப்பிலிருந்து தொங்கவிடும் கயிறு மாட்ட வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி வாளில் ஒரு நன்மை, உச்சியில் உட்கார்ந்துகொண்டு கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யத் தேவையில்லை. ஆனால் சத்தமே இல்லாமல் தயாராக இருக்கும், அதை மறந்து விசையைத் தொட்டுவிடக் கூடாது. தரையில் நின்று அறுக்க மட்டும் வேண்டுமென்றால் பின்பிடி வாளையே வாங்குங்கள். சின்னதாக, கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று தோட்டத்துக்கு மேற்பிடி வாங்கிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பயிற்சி பெற்று மரம் ஏறுகிறவர்களுக்காகச் செய்த கருவி அது.

அறுக்கும்போது, ஏறிய கயிறு போக இடுப்பிலிருந்து இன்னொரு கயிறும் மரத்தைச் சுற்றியிருக்க வேண்டும். ஒன்றை வாளே தவறி அறுத்துவிட்டாலும் மற்றொன்று தாங்கும். அப்புறம்தான் இரண்டு கையும் மெஷினுக்குக் கிடைக்கும். அன்று வேப்பமரத்தில் இருந்தவரின் இடது கை கிளையை விடாததற்குக் காரணமும் அதுதான். அவர் இடுப்பில் கயிறே இல்லை.