கெர்னல் ஒரு பெயரை வாங்கும் விதம்

ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லி நிரல் ஒன்று, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலைக் கேட்கும்போது, ஃபைலின் பெயரை அதன் கையில் கொடுப்பதில்லை. அந்தப் பெயர் மெமரியில் எங்கே தொடங்குகிறது என்ற முகவரியை மட்டும்தான் கொடுக்கிறது. வெறும் ஓர் எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, அங்கே இருக்கும் எழுத்துகளைத் தன் பக்கம் நகலெடுத்துக்கொள்வது கெர்னலின் பொறுப்பு. சி மொழி தெரிந்தவர்களுக்கு நாலு வரி வேலை போலத் தோன்றும். லினக்ஸில் இந்த ஒரு வேலைக்காகவே ‘ஸ்ட்ரன்காப்பி ஃப்ரம் யூசர்’ என்று தனியாக ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதைப் படிக்கப் படிக்க, எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு வியப்புதான் கூடுகிறது.

நிரல் கொடுக்கும் எண் எதுவாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் மெமரியே இல்லாமல் இருக்கலாம். கெர்னலுக்குச் சொந்தமான இடத்தையே அது காட்டலாம். பெயரின் நீளமும் தெரியாது. சி ஸ்ட்ரிங் பூஜ்ஜிய பைட்டில் முடியும், ஆனால் அந்தப் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது என்பது படித்துப் பார்த்தால்தான் தெரியும். இத்தனைக்கும் நடுவில், அந்த மெமரி இன்னமும் நிரலின் கையில்தான் இருக்கிறது. கெர்னல் படித்துக்கொண்டிருக்கும்போதே அதே நிரலின் இன்னொரு த்ரெட், அதாவது கூடவே ஓடும் இன்னொரு கிளை, அதை மாற்றி எழுதலாம்.

முகவரி யாருடையது என்று பார்ப்பது எளிது. 64 பிட் இன்டெல், ஏஎம்டி சிப்களில் வழக்கமான அமைப்பில் கீழே உள்ள 128 டெராபைட் முகவரிகள் நிரல்களுக்கு, மேலே இருப்பவை கெர்னலுக்கு. முகவரி அந்த எல்லையைத் தாண்டுகிறதா என்று ஒரு ஒப்பீடு போதும். எளிது என்பதாலேயே மறந்தும் போகிறது. 2017-இல் வந்த லினக்ஸ் 4.13-இல் ‘வெயிட்ஐடி’ என்ற சிஸ்டம் காலில் (நிரல் கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் வழி) இந்தச் சோதனை விடுபட்டுவிட்டது. அங்கே நகல் எதிர்த்திசையில், கெர்னலிலிருந்து நிரலுக்குப் போவது. எந்தச் சாதாரண நிரலும் கெர்னலின் முகவரியைக் கொடுத்து, கெர்னலையே அதன் சொந்த மெமரிமேல் எழுத வைக்க முடிந்தது.

சரி, முகவரி நிரலுடைய பகுதியில்தான் இருக்கிறது. அங்கே உண்மையில் மெமரி இருக்கிறதா? முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பதில் பயனில்லை. கேட்டு முடித்த மறுகணமே இன்னொரு த்ரெட் அந்தப் பேஜை, அதாவது மெமரியின் அந்தத் துண்டை, விடுவித்துவிடலாம். அதனால் கெர்னல் எதையும் கேட்காமல் நேராகப் படித்துவிடுகிறது. பேஜ் டிஸ்கில் இருந்தால் பேஜ் ஃபால்ட் என்ற இடறல் எழும், பேஜ் மெமரிக்கு வந்து சேரும், நின்ற கட்டளை மறுபடி ஓடும். படித்துக்கொண்டிருந்த ஃபங்ஷனுக்கு நடுவில் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

பேஜே இல்லையென்றால்? கெர்னலின் சொந்தக் குறியீடு, இல்லாத மெமரியைத் தொட்டால் அது பெரும் பிழை, சில சமயம் இயந்திரமே நின்றுவிடும். ஒரு நிரல் தவறான எண் கொடுத்ததற்காக அப்படி நடக்க விட முடியாது. இதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. கெர்னலை உருவாக்கும்போதே, நிரலின் மெமரியைத் தொடும் ஒவ்வொரு கட்டளைக்கும் ‘இந்தக் கட்டளை இடறினால் அங்கே போய்த் தொடர்’ என்று ஒரு வரி அதில் எழுதப்படுகிறது. ஃபால்ட் வந்தால் கெர்னல் இடறிய கட்டளையின் முகவரியை அட்டவணையில் தேடும். இருந்தால், அது சொல்லும் இடத்துக்குத் தாவி, ‘தவறான முகவரி’ என்ற பிழை எண்ணை நிரலுக்குத் திருப்பித் தரும். எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கட்டளைகூட அதிகமாக ஓடுவதில்லை. இதைவிட அழகான ஏற்பாட்டை நான் கெர்னலில் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் என்னைப் பொறுத்தவரை மிகக் கடினமான இடம், அந்த இன்னொரு த்ரெட்தான். முதலில் நீளத்தை அளந்து, இடம் ஒதுக்கி, அப்புறம் நகலெடுக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அளக்கும்போது பத்து எழுத்து, பதினோராவது பைட் பூஜ்ஜியம். நகலெடுப்பதற்குள் அந்தப் பூஜ்ஜியத்தின் மேல் ஓர் எழுத்தை யாரோ எழுதிவிட்டால், கெர்னலின் கையில் முடிவே இல்லாத ஸ்ட்ரிங் இருக்கும். பின்னால் அதைப் படிக்கும் குறியீடு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே போகும். லினக்ஸில் அளந்து நகலெடுக்கும் ‘ஸ்ட்ரன்டூப் யூசர்’ கடைசி பைட்டில் எது வந்திருந்தாலும் சரி என்று, தானே அங்கே பூஜ்ஜியத்தை எழுதிவிடுவது இதனால்தான். விண்டோஸ் கெர்னலில் ஸ்ட்ரிங் தன் நீளத்தையும் கூடவே சுமந்து வருகிறது. ஆனால் அந்த நீளமும் நிரலின் மெமரியில்தான் இருக்கிறது, அதையும் ஒரே முறைதான் படிக்க வேண்டும்.

அனுமதி பார்ப்பதும் அப்படியே. நிரலின் மெமரியில் இருக்கும் பெயரைப் பார்த்து ‘சரி’ என்று சொல்லிவிட்டு, திறப்பதற்காக மறுபடி அங்கேயே போய்ப் படித்தால், அங்கே வேறு ஃபைலின் பெயர் இருக்கலாம். அதனால் ஒரே முறை நகலெடுத்து, அதன்பின் எல்லாச் சோதனையையும் நகலின் மேலேயே செய்ய வேண்டும். சிஸ்டம் கால்களை வடிகட்டும் செக்காம்ப் ஃபில்டர்கள் பாயின்டரை, அதாவது முகவரியை, எண்ணாக மட்டுமே பார்க்க முடியும், அது காட்டும் இடத்தில் இருக்கும் ஃபைல் பெயரைப் பார்க்க முடியாது. அதைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், ஃபில்டர் பார்த்த பெயரும் கெர்னல் பிறகு படிக்கும் பெயரும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

நீளத்துக்கு வரம்பும் வேண்டும். லினக்ஸில் பாதைப் பெயருக்கு வரம்பு முடிவுப் பூஜ்ஜியத்தையும் சேர்த்து 4096 பைட். பூஜ்ஜியம் வருவதற்குள் வரம்பு தீர்ந்தால், நகலெடுக்கும் ஃபங்ஷன் வரம்பின் எண்ணையே திருப்பித் தரும், முடிவில் பூஜ்ஜியம் வைக்காது. அழைத்தவர்தான் அதைக் கவனித்து ‘பெயர் மிக நீளமாக இருக்கிறது’ என்று மறுக்க வேண்டும்.

இத்தனையும் வேகமாகவும் நடக்க வேண்டும். அதனால் லினக்ஸ் ஒவ்வொரு பைட்டாகப் போகாமல் எட்டெட்டு பைட்டாக எடுக்கிறது. எட்டு பைட்டை ஒரே எண்ணாக வைத்து, ஒவ்வொரு பைட்டிலிருந்தும் ஒன்றைக் கழித்தால், பூஜ்ஜியமாக இருந்த பைட்டின் உச்சி பிட் 1 ஆகும். இன்னும் ஓரிரு கணக்கில் முதல் பூஜ்ஜியம் எங்கே என்று தெரிந்துவிடும். பெயர் ஒரு பேஜின் கடைசியில் முடிந்து, அடுத்த பேஜ் இல்லாமல் போனால், பெயரில் எந்தத் தவறும் இல்லாமலே எட்டு பைட் வாசிப்பு இடறும். அப்போது ஃபங்ஷன் பிழை சொல்லாமல், விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு பைட்டாகப் படித்துப் பார்க்கும்.

எட்டு பைட்டாக எழுதுவதில், பூஜ்ஜியத்துக்குப் பின்னால் இருக்கும் சம்பந்தமில்லாத பைட்களும் நகலில் வந்துவிடும். சி ஸ்ட்ரிங்கில் பூஜ்ஜியத்தைத் தாண்டி யாரும் பார்ப்பதில்லை, ஆகையால் இது யாரையும் உறுத்தவில்லை. கெர்னலுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்களான பிபிஎஃப் நிரல்கள் வந்தபின் நிலைமை மாறியது. அவை நகல் இருந்த பஃபரை முழுதாக, சாவியை வைத்துத் தேடும் ஹாஷ் மேப் என்ற அட்டவணையின் சாவியாக வைத்தன. ஒரே பெயர், பின்னால் இருந்த குப்பை வேறு என்பதால், இரண்டு பதிவுகளாக நின்றது. 2020-இல் திருத்தினார்கள். கடைசி எட்டு பைட்டை எழுதுமுன், பூஜ்ஜியத்துக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் இப்போது துடைத்துவிட்டுத்தான் எழுதுகிறது.