நனைந்த மண்ணில் வாடும் கன்று

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் கோத்தோங் ரோயோங் (ஊர்கூடிச் செய்யும் வேலை) வைத்து நட்ட மரக்கன்றுகள் சாகும்போது, பல நேரம் மண் ஈரமாகத்தான் இருக்கும். இலை தொங்கும், நுனி கருகும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் இரண்டு வாளி ஊற்றுவார்கள். அதோடு கன்று போய்விடும். காரணம் குழிக்குள் இருக்கிறது.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு இடையில் உள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுக்கிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். அந்த இடைவெளிகளில் நீர் நிரம்பி அங்கேயே நின்றால் வேர்நுனிகள் சில நாட்களில் சாகத் தொடங்கும். செத்த வேர் நீரை உறிஞ்சாது. அதனால்தான் நீரில் நின்றுகொண்டே இலை வாடுகிறது.

தோட்ட நிலத்தில் இந்தச் சிக்கல் அதிகம். பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளோடு தொடங்கிய தொழில், பிறகு செம்பனைக்கு மாறி, இப்போது வீடமைப்புப் பகுதிகளாக மாறிக்கொண்டிருக்கிறது. டிராக்டரும் லாரியும் ஓடி ஓடி மண் இறுகிவிட்டது. வீடு கட்டும்போது மேல்மண்ணையும் வழித்து எடுத்துவிடுகிறார்கள், மிஞ்சுவது செங்களி. அதில் கூரான சாங்கூலால் (மண்வெட்டியால்) குழி வெட்டினால் சுவர் வழுவழுப்பாகப் பூசிவிட்டதுபோல் ஆகி, குழி ஒரு வாளியைப் போல நீரைப் பிடித்து வைக்கும். உள்ளே வெறும் மக்கு உரத்தைக் கொட்டினால் இன்னும் மோசம். சுற்றியுள்ள நிலத்தில் விழும் மழையெல்லாம் பொலபொலப்பான அந்த இடத்துக்கே வடியும். அடியிலுள்ள உரம் காற்றில்லாமல் புளித்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.

இதை நடுவதற்கு முன்பே சோதித்துவிடலாம், செலவே இல்லை. 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி வெட்டி, நீர் நிரப்பி முழுவதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 3 முதல் 8 செ.மீ. இறங்கினால் நல்ல நிலம். 2.5 செ.மீ.-க்கும் குறைவாக இறங்கினால் அங்கே குழியில் நடவே கூடாது. மேட்டில்தான் நட வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்க மணலில் நிலைமை நேர்மாறு: ஊற்ற ஊற்ற நீர் இறங்கிக்கொண்டே இருக்கும், சத்தும் தங்காது. அங்கேதான் மக்கு உரம் தாராளமாக வேண்டும்.

மேடு என்றால் 30 செ.மீ. உயரம், ஒன்றரை மீட்டர் அகலம். அதற்கு முன் அடிநிலத்தைக் கடப்பாரையாலோ மண்கிளறும் முள்கரண்டியாலோ குத்திக் கிளறிவிட வேண்டும். இறுகிய தரையின் மேல் மண்ணைக் குவித்தால் வேர் கீழே இறங்காது. வடிகால் நல்ல இடத்தில் குழி போதும். ஆழம் வேர்க்கட்டியின் (பையிலுள்ள வேரும் மண்ணும் சேர்ந்த கட்டியின்) உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அகலம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். சுவரை முள்கரண்டியால் கீறிவிடுங்கள். வெட்டிய மண்ணோடு கால் பங்குக்கு மேல் மக்கு சேர்க்காதீர்கள். வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதி தரைமட்டத்தில் இருக்க வேண்டும். களிமண்ணில் இரண்டு விரல் மேலே நிற்பது இன்னும் நல்லது. புதைந்த கழுத்து சில ஆண்டுகள் கழித்து அழுகும். அதற்குள் யார் நட்டார்கள் என்பதே மறந்துபோயிருக்கும்.

பாலிபேக்கை உரித்ததும் வேர்க்கட்டியை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். வேர்கள் வட்டமாகச் சுருண்டிருந்தால், கூரான கத்தியால் மேலிருந்து கீழாக நான்கு பக்கமும் ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கீறி, அடியில் இரண்டு செ.மீ. வெட்டி எறியுங்கள். பாவம் என்று விட்டுவிட்டால் அந்த வேர் வளைந்தபடியே பருத்து, பத்து ஆண்டுகளில் மரம் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும், அல்லது ஒரு புயல்காற்றில் வேரோடு சாயும். இரண்டு மீட்டர் உயரக் கன்று திறப்பு விழாப் படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் முக்கால் மீட்டர் கன்றுதான் சீக்கிரம் வேர் பிடிக்கும், ஏனென்றால் அதன் இலைகளுக்குப் போதுமான வேர் அதனிடம் இருக்கிறது.

தோட்ட மண் அமிலமானது. pH எண் குறையக் குறைய அமிலம் கூடும்; அது 5-க்குக் கீழே போனால் களிமண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியை மழுங்கடிக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு வேருக்குக் கிடைக்காது. இதற்குத் தோட்டக்காரர்கள் குழிக்கு 100 முதல் 150 கிராம் பாறை பாஸ்பேட் போடுவது பழைய வழக்கம். அமிலம்தான் அதை மெல்லக் கரைத்து வேருக்குத் தருகிறது. அதே குழியில் சுண்ணாம்பையும் கொட்டினால் அமிலம் குறைந்து பாஸ்பேட் கரையாமல் கிடக்கும். மெர்பாவ், மெராவான் போன்ற இந்த மண்ணின் மரங்களுக்குப் பாஸ்பேட் மட்டும் போதும். வேம்புக்கு டோலமைட் சுண்ணாம்பு உதவும். ஆனால் நீர் தேங்கும் களியில் வேம்பு நட்டுப் பயனில்லை, எத்தனை சுண்ணாம்பு போட்டாலும்.

பால்மரம் (ரப்பர்) நின்ற நிலமாக இருந்தால் வெள்ளை வேர் நோயை நினைவில் வையுங்கள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் உயிரோடிருக்கும் இந்தப் பூஞ்சை, பழைய வேரைத் தொடும் புதிய வேருக்குத் தாவும். வேரின் மேல் வெள்ளை இழைகள் தட்டையாக ஒட்டி ஓடும். முற்றினால் மரத்தின் அடியில் ஆரஞ்சு நிறக் காளான் தட்டுகள் முளைக்கும். பலாவையும் தேக்கையும்கூட இது விடாது. குழி வெட்டும்போது கிடைக்கும் பழைய வேர்த்துண்டு ஒவ்வொன்றையும் பொறுக்கி வெளியே போடுவதுதான் முதல் காப்பு. ரப்பர் நடவில் குழி மண்ணோடு 100 கிராம் அளவில் கந்தகத்தூள் கலப்பதும் உண்டு. அது அமிலத்தைக் கூட்டி, இந்தப் பூஞ்சையை எதிர்க்கும் மற்ற நுண்ணுயிர்களுக்கு வழிவிடுகிறது.

இத்தனை பாடும் மரம் பெரிதாகும்வரை அதனால் பெரிய பயனில்லை என்பதால்தான். உலர்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதி கார்பன். 400 கிலோ உலர் எடைக்கு வளர்ந்த மரத்தில் 200 கிலோ கார்பன் இருக்கும். அது காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடு சுமார் 730 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வெளியேறுகிறது. அந்த மரத்தின் முழு வாழ்வுச் சேமிப்பு, 40 லிட்டர் டாங்கியை எட்டு முறை நிரப்பினால் தீர்ந்துவிடும். உலகத்தின் கார்பன் கணக்கை ஊர் மரங்கள் மட்டும் சரிசெய்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஊருக்கு அவை தருவது நிழல், அது சின்ன விஷயமில்லை. 1998 ஏப்ரல் 9-இல் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. அத்தகைய வெயிலில் தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். இலையிலிருந்து ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம், ஆவியாதல் தடைபடும். ஆகவே இங்கே குளிர்ச்சியின் பெரும்பங்கு நேரடி நிழலிலிருந்தே வருகிறது.

நிழல்தான் நோக்கம் என்றால் இடத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். அப்போது நிழல் மரத்தின் குடைக்கு நேர் கீழேதான் விழும். பேருந்து நிறுத்தம், தமிழ்ப்பள்ளி வாசல், கோயில் முன்றில் ஆகிய இடங்களில் மனிதர் நிற்கும் இடத்துக்கு மேலேயே குடை விரிய வேண்டும். லயத்து வீடுகளுக்கு மேற்குச் சுவரை மறைக்கும் மரம்தான் பிற்பகல் வெப்பத்தைத் தடுக்கும். சுவரிலிருந்து ஐந்து மீட்டர், சாக்கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நடுங்கள். புங்கை, மகிழம், மெராவான் தெருவுக்கு ஏற்றவை. தூங்குமூஞ்சி மரம் திடலுக்குச் சரி. குறுகிய தெருவில் நடைபாதையைப் பெயர்த்துவிடும். அக்காசியா சீக்கிரம் வளரும், அதே சீக்கிரத்தில் கிளை முறியும். மின்கம்பிக்குக் கீழே எதையும் உயரமாக நடாதீர்கள். சாலையோர நிலத்துக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

மேற்குக் கரையில் அக்டோபர் மழை தொடங்கும்போது நட்டால், ஜனவரி பிப்ரவரி வறட்சிக்குள் வேர் வெளியே பரவ மூன்று மாதம் கிடைக்கும். முதல் மூன்று மாதம், மூன்று நாள் மழை இல்லையென்றால் 10 லிட்டர் மெதுவாக ஊற்றுங்கள், தண்டை ஒட்டியே. சுற்றுமண் நனைந்திருந்தாலும் வேர்க்கட்டி தனியாகக் காய்ந்துபோவதுண்டு. செம்பனை ஆலையில் கிடைக்கும், பழம் உதிர்த்த வெறுங்குலைகளை ஒரே அடுக்காக, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்பினால் ஈரமும் பொட்டாசியமும் கிடைக்கும், லாலாங் புல்லும் அடங்கும். அடுக்கடுக்காகக் குவித்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

பிழைத்த கன்றுகளையும் கொல்வது பெரும்பாலும் புல்வெட்டும் இயந்திரம். நைலான் கயிறு தண்டைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டால், இலை செய்த உணவு வேருக்கு இறங்காது. மரம் மாதக்கணக்கில் பச்சையாக நின்று பிறகு சாகும். அரை மீட்டர் பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து தண்டைச் சுற்றி மாட்டுங்கள். ஊன்றுகோலைத் தளர்வாகக் கட்டி, ஓராண்டில் எடுத்துவிடுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும்.

ஆறாம், பன்னிரண்டாம், இருபத்து நான்காம் மாதங்களில் எண்ணிப் பாருங்கள். செத்ததைப் பிடுங்கி வேரைப் பார்க்காமல் அதே இடத்தில் வேறொன்றை நடாதீர்கள். வேர் கறுத்து நாறினால் நீர் தேங்கியிருக்கிறது, மேடு போடுங்கள். பையின் வடிவிலேயே சுருண்டு கிடந்தால் நர்சரியில் அதிக நாள் இருந்த கன்று. வெள்ளை இழை ஒட்டியிருந்தால் பழைய கட்டையைத் தோண்டி எடுங்கள். வேர் நன்றாக இருந்து அடிப்பட்டை மட்டும் உரிந்திருந்தால், புல் வெட்டுபவரிடம் பேசிவிட்டு அடுத்த கன்றை நடுங்கள்.