மீனவர்களுக்கான எச்சரிக்கை சேலத்துக்காரருக்கும்தான்

சேலத்துக்குக் கிட்டத்தில் இருக்கிற கடல் என்றால் கடலூர், புதுச்சேரி. அதுவே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதனால்தானோ என்னவோ, வானிலை அறிக்கை வந்தால் நம் ஊரில் எல்லோரும் முதல் பத்தியோடு நிறுத்திவிடுகிறோம். சேலம், நாமக்கல், தருமபுரிக்கு மழை உண்டா, ஏற்காட்டுப் பக்கம் இடி மின்னலா, அவ்வளவுதான். கடைசியில் ‘மீனவர்களுக்கான எச்சரிக்கை’ என்று ஒரு பகுதி வரும். அதையும் சேர்த்துப் படிக்கிற சேலத்துக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் இங்கே நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவன். ஏப்ரல், மே வந்தால் குளத்தில் கால் வைக்க இடம் இருக்காது. பயிற்சி முடிகிற வாரத்தில் பெற்றோர் யாராவது ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். “மாஸ்டர், பையன் நிக்காம இருபத்தஞ்சு மீட்டர் போறானுங்க. அடுத்த வாரம் கன்னியாகுமரி போறோம். கடல்ல விடலாமுங்களா?”

எந்தக் கடற்கரை, என்றைக்கு, எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று திருப்பிக் கேட்டால், “கடல் எல்லாம் ஒண்ணுதானுங்களே” என்பார்கள். ஒன்று இல்லை. ஒரே கடற்கரைகூடக் காலையில் ஒரு மாதிரி, மதியம் வேறு மாதிரி.

முதலில் அந்த 25 மீட்டர் கணக்கைப் பார்த்துவிடலாம். புதிதாகக் கற்ற பையன் அந்தத் தூரத்தை 40 நொடியில் கடப்பான். நொடிக்கு 60 சென்டிமீட்டர் சொச்சம். கடலில் கரையிலிருந்து வெளியே ஓடும் இழுப்பு நீரோட்டம் நொடிக்கு 1 மீட்டரை எட்டுவது உண்டு, வலுத்தால் 2 மீட்டரையும் தாண்டும். 1 மீட்டர் வேக இழுப்பில் மாட்டிக்கொண்டு கரையைப் பார்த்து நீந்தினால், உயிரைக் கொடுத்து நீந்தும்போதே நொடிக்கு 40 சென்டிமீட்டர் பின்னால்தான் போய்க்கொண்டிருப்பான். ஒரு நிமிடத்தில் 24 மீட்டர். ஒலிம்பிக்கில் நீந்துகிறவர்களே 2 மீட்டர் வேகத்தை எதிர்த்து அதிக நேரம் தாங்க முடியாது. நன்றாக நீந்தத் தெரிந்த ஆட்களும் கடலில் மூழ்குவது இப்படித்தான். நீச்சல் தெரிந்தவர் என்பதால் கரையை நோக்கியே போராடுவார், கை கால் ஓய்ந்துவிடும்.

இந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது? அலை கரைக்கு வருகிறது, சரி. வந்த தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும் அல்லவா? கரையோர மணல் திட்டுகளுக்கு நடுவே எங்காவது பள்ளம் இருக்கும். ஏரிக்கு மதகு எப்படியோ, கரையில் குவிந்த தண்ணீருக்கு அந்தப் பள்ளம் அப்படி. அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை பொங்கும்போது, நடுவில் மட்டும் கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரியும். குழந்தைகளோடு வந்தவர்கள் ‘இங்கே அலையே இல்லை, இறங்கலாம்’ என்று இடம் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். மண் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிக் கட்டியிருக்கிறார்களே தூண்டில் வளைவு, அதன் ஓரத்திலும் இதே இழுப்பு உண்டு. போதாததற்குப் பாசி வழுக்கும்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? இந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அதனால் எதிர்க்காமல் மல்லாந்து மிதக்க வேண்டும், ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற பகுதிக்கு வந்து, அப்புறம் அலையோடு கரைக்குத் திரும்பலாம். கடலுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கடைசி வகுப்பில் நான் வேகம் பார்ப்பதில்லை. சட்டை, கால்சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு மல்லாந்து மிதக்கச் சொல்வேன். காதுக்குள் தண்ணீர் போனதும் பதறித் தலையைத் தூக்குவார்கள், தூக்கியதும் இடுப்பு முங்கும். அந்தப் பதற்றம் குளத்திலேயே தீர்ந்துவிட வேண்டும்.

வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்துக் கிணற்றில் நீந்திப் பழகிய பையன்களுக்கு எங்கள் குளத்துப் பிள்ளைகளைவிடத் துணிச்சல் அதிகம். மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள். ஆனால் கிணற்றுத் தண்ணீர் எங்கேயும் ஓடுவதில்லை. எந்தப் பக்கம் போனாலும் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும்.

சரி, எந்த நாள் போவது? இதற்கு வீட்டுச் சுவரில் தொங்குகிற நாள்காட்டியே பாதி பதில் சொல்லும். தாளைக் கிழிக்கும்போது ராசிபலனுக்கு மேலே திதி என்று ஒன்று இருக்குமே, அதைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியன், சந்திரன் இரண்டின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்வதால் கடல் அதிகமாக ஏறும், அதே அளவு அதிகமாக இறங்கும். அன்றோடு முடியாது, அடுத்த ஓரிரு நாளும் அந்த வேகம் இருக்கும். அஷ்டமியை ஒட்டி ஏற்ற இறக்கம் குறைவு. நல்ல காரியத்துக்கு அஷ்டமி ஆகாது என்பவர்கள் கடல் பக்கம் போக அதைப் பரிசீலிக்கலாம்.

நம் கடற்கரையில் இந்த ஏற்ற இறக்கம் பெரிது என்று சொல்ல முடியாது. குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் 10 மீட்டருக்கு மேல் போகும், இங்கே அதிகபட்சம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆனால் சரிவு குறைந்த மணலில் ஒரு மீட்டர் என்பது கடல் பல அடி உள்ளே போய்த் திரும்புவது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது மறுநாள் அதே ஏற்றம் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளி வரும். ‘நேற்று இதே நேரம் இதே இடத்தில் குளித்தோமே’ என்ற கணக்கு அதனால்தான் உதைக்கிறது. கடல் இறங்குகிற நேரத்திலும், நன்றாக இறங்கிய பிறகும், நான் சொன்ன அந்த இழுப்பு பொதுவாக வலுக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் மக்கள் மொத்தமாகக் கடலில் இறங்குகிற நாள்கள் எவை? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம், பூம்புகார், வேதாரண்யம். மாசி மகத்துக்குக் கடலூர், புதுச்சேரி. சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி. கடல் அதிகமாக ஏறி இறங்கும் நாள்களும் இவைதான். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து முழுக்குப் போடலாம், வயதானவர்களுக்குச் சொம்பில் மொண்டு ஊற்றலாம். பூம்புகாரில் காவிரி கலக்கும் முகத்துவாரத்தில் மட்டும் வேண்டாம். கடல் இறங்கும்போது ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து வெளியே ஓடும். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை என்று ஆங்கிலத் தேதியில் வருவதால், அந்த நாள்களில் என்ன திதி விழுகிறது என்று வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது என்று அடிக்கடி செய்தி வருகிறது. தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் இருக்கும். உடனே வெளியே தெரிகிற பாறைமேல் ஏறி செல்ஃபி எடுக்க ஒரு கூட்டம். போன கடல் திரும்பி வரும்போது பாறைக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளம்தான் முதலில் நிறையும். மணிக்கணக்கில் மெல்ல உள்வாங்குவது ஓதம், அதாவது நான் மேலே சொன்ன அந்த ஏற்ற இறக்கம். சில நிமிடங்களில் கடல் வழக்கத்துக்கு மாறாக வெகுதூரம் பின்வாங்கினால் அது வேறு கதை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, மேட்டுப் பக்கம் ஓட வேண்டும்.

ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்னி தீர்த்தம் இருப்பது பாக் நீரிணைப் பக்கம். கோடையில் குளம் போலக் கிடக்கும். அங்கே குளித்துவிட்டு, அதே நினைப்பில் தனுஷ்கோடிக்கு வண்டி ஏறி மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்குகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் முதலாவதைப் பெண் கடல், இரண்டாவதை ஆண் கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார்ப் பக்கம் சீறும், வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். நடுவில் இருப்பது ஒரு துண்டு மணல்தான்.

இனி, நாம் படிக்காமல் விடுகிற அந்தக் கடைசிப் பத்தி. ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று இருக்கும். கடலிலேயே பிறந்து வளர்ந்தவரைப் போகாதே என்கிறார்கள் என்றால், சனிக்கிழமை இரவு வேன் ஏறி ஞாயிறு விடியலில் வந்து இறங்குகிற நமக்கு அது இரண்டு மடங்கு பொருந்தும். ‘அலை 2 மீட்டர் வரை எழும்பும்’ என்று போட்டிருந்தால் அதுதான் உச்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழும் அலைகளிலேயே பெரியதாக இருக்கும் மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. இடையில் ஒன்றிரண்டு அலை அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையில் நிற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது மீன்பிடித் தடைக்காலம்.

காற்றே இல்லாமலும் கடல் பொங்கும். கள்ளக்கடல் என்பது அதுதான். தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் எழும் புயலின் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வரும். வானம் பளிச்சென்று இருக்கும், ஒரு இலை ஆடாது. அலைக்கும் அலைக்கும் இடைவெளி நீளமாக இருப்பதால் கடல் அடங்கிவிட்டது போலவே தோன்றும், திடீரென்று கரையை மீறி ஏறும். ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நம் கோடை விடுமுறையில்தான் இது அதிகம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், அந்த நாள்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்தவர்கள், நம்மைப் போல.

இன்காய்ஸ் எச்சரிக்கையையும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையையும் போனிலேயே பார்க்கலாம். கிளம்புவதற்கு முந்தின இரவு ஒரு தடவை, போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்திவிட்டால் டிக்கெட் கவுன்டரில் சண்டை போடாமல், அதையே அறிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். கடலில் நடப்பது நமக்குச் சம்பந்தமில்லை என்றால், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். அதன் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையாகக் கொட்டியது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது.

வேனில் ஏற்றுகிற சாமான்களில் எனக்குப் பயம் லாரி டியூப்தான். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையிலிருந்தும் இளம்பிள்ளை தறிப் பக்கத்திலிருந்தும் சேர்ந்து போகிற பையன்கள் கண்டிப்பாக ஒன்று கொண்டுபோவார்கள். கிணற்றில் அது காப்பாற்றும். கடலிலோ, நம் ஆட்கள் போய்ச் சேருகிற விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். டியூபில் உட்கார்ந்திருப்பவருக்கு நகர்வதே தெரியாது. திரும்பிப் பார்க்கும்போது கரை தள்ளிப் போயிருக்கும், டியூபை விட்டுவிட்டு நீந்தலாமா என்று யோசனை வரும். விடக் கூடாது, மிதக்கிறவரை அதுதான் உயிர்.

பெண்கள் சேலையோடு இறங்கும்போது நனைந்த மடிப்பு காலைச் சுற்றும், அலை திரும்பும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கு மேல் எடை. முழங்காலுக்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். குழந்தையை விரலைப் பிடித்து நிறுத்தாமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். குடித்தவர் இறங்கவே கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஒருவர் மூழ்குகிறார் என்றால் பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணீர் மட்டத்தில் முங்கி முங்கி வரும்போது கத்த மூச்சு ஏது? தலை பின்னால் சாய்ந்து, கை பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருந்தால் அதுதான் அடையாளம். உடனே பின்னால் குதிக்காதீர்கள். மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் கேன், கயிறு, டியூப், எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். கரைக்குக் கொண்டுவந்த பிறகு தலைகீழாகத் தொங்கவிடுவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எதுவும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர் முதலில் வாய்வழி மூச்சு கொடுத்து, 30 தடவை நெஞ்சை அழுத்தி 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும். இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம்.

ஆம்புலன்சுக்கு 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. கூப்பிட்டதும் “எந்தக் கடற்கரை, எந்தப் பக்கம்?” என்று கேட்பார்கள். வெளியூர்க்காரருக்கு அது சொல்லத் தெரியாது. பக்கத்தில் இருக்கிற சுண்டல் கடைக்காரரிடமோ வலை பின்னுகிறவரிடமோ போனைக் கொடுத்துவிடுங்கள்.