கிருமி அறிக்கை சரி, கொழுப்பு?

இறைச்சியையும் மீனையும் உயர் அழுத்த முறையில் பதப்படுத்தத் தொடங்குபவர்கள் ஆய்வறிக்கையோடுதான் வருவார்கள். கிருமி எண்ணிக்கை பிரமாதமாக இருக்கும். கொழுப்பைச் சோதித்தீர்களா என்று கேட்டால், "சூடே படுத்தலையே, கொழுப்பு எப்படிக் கெடும்?" என்பார்கள்.

நியாயமான கேள்விதான். பொட்டலத்தைத் தண்ணீர் நிறைந்த கலனில் வைத்து, 400 முதல் 600 மெகாபாஸ்கல் வரை சில நிமிடங்கள் அழுத்துகிறோம். 600 என்பது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 6000 மடங்கு. அப்படியும் கொழுப்பு மூலக்கூறின் பிணைப்புகளை உடைக்க அது போதாது. தனியாகப் பிரித்தெடுத்த மீன் எண்ணெயை இதே அளவு அழுத்தினாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அந்த எண்ணெய் மீன் சதைக்குள்ளேயே இருந்தால்தான் வினை.

காரணம் இரும்பு. சதையில் மயோகுளோபின் போன்ற புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அழுத்தத்தில் புரதத்தின் மடிப்பு குலைந்து இரும்பு வெளிப்படுகிறது. செல் சவ்வும் சிதைவதால், அதிலுள்ள கொழுப்பு இரும்பிடம் நேராக மாட்டிக்கொள்கிறது. பொட்டலத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் போதும், கொழுப்பு அதோடு வினைபுரிந்து கெடும் ஆக்சிஜனேற்றம் தொடங்கிவிடும். பன்றி இறைச்சியில் 300–400 மெகாபாஸ்கலைத் தாண்டும்போது இது வேகமெடுக்கிறது. இரும்பைக் கட்டிப்போடும் இடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அடங்குகிறது என்பதால்தான் பழியை இரும்பின் மேல் போடுகிறோம். கோழியிலும் இரும்பும் கொழுப்பும் குறைந்த நெஞ்சுக்கறி தாக்குப்பிடிக்கும், தொடைக்கறி சீக்கிரம் கெடும்.

சிக்கல் என்னவென்றால், அழுத்திய அன்று எதுவும் தெரியாது. குளிர்பெட்டியில் சில நாள் இருந்த பிறகுதான் சிக்கு வாடை வரும். கிருமியோ அப்போதும் குறைவாகவே இருக்கும்! (எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சில பாக்டீரியாக்களின் உறங்குநிலை வடிவமான வித்துகள் பிழைத்துக்கொள்ளும், குளிர் கட்டாயம்.)

அதற்காக அழுத்தத்தைக் குறைக்காதீர்கள், பாதுகாப்பு போய்விடும். ஆக்சிஜன் புகாத உறையில் வெற்றிடப் பொதி செய்யுங்கள். ரோஸ்மேரி மூலிகைச் சாறு நன்றாக உதவும். உப்பு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும், அளவாகப் போடுங்கள். நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பு சேர்த்த ஹாம் (பன்றித் தொடைக்கறி) இதில் தப்பிப்பதற்கு அந்த நைட்ரைட்டே ஒரு காரணம். இதே முறையில் பழச்சாறு விற்பவர்களுக்கு, அதில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால், இந்தக் கவலை பெரிதாக இல்லை.

அப்புறம் காலாவதித் தேதி. ஆறு வாரம் என்று அச்சடிக்கப் போகிறீர்களா? ஆறாவது வார மாதிரி ஒன்றைச் சமைத்து முகர்ந்து பாருங்கள், கொழுப்பு எவ்வளவு ஆக்சிஜனேற்றமாகியிருக்கிறது என்று காட்டும் டிபிஏ சோதனைக்கும் அனுப்புங்கள். அச்சகத்துக்கு அதற்குப் பிறகு போகலாம்.