கூண்டில் நிற்பவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

கேம் டெஸ்டிங் வேலைக்கு வந்த புதிதில் நான் வாங்கிய முதல் திட்டு, வராத ஒரு தோழரால். தோழர் என்றால் கேமின் கதையில் நம் குழுவில் சேர்ந்து கூடவே வரும் பாத்திரம். ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாக மாறிக் கதையை ஆடும் கேம்) ஒன்றைப் பத்து மணி நேரம் ஆடிய பிறகுதான் குழுவில் ஒரு ஆள் குறைவது தெரிந்தது. 'பக்', அதாவது கேமில் பிழை, என்று ரிப்போர்ட் போட்டேன். பக் எதுவும் இல்லை, அந்த ஆளிடம் நான் பேசவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஸ்லாட்டில் (சேவ் செய்யும் இடத்தில்) பழையதன் மேலேயே சேவ் செய்திருந்ததால் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டியதாயிற்று.

தோழர் சேர்வது என்பது சேவ் ஃபைலில் விழும் ஒரு சின்னக் குறி, அவ்வளவுதான். யாரிடம் பேசினீர்கள், எந்த வேலையை முடித்தீர்கள் என்பதைப் பொறுத்து அது விழும். கதை ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் பிறகு விழாது. தாண்டப் போகிறீர்கள் என்று பல கேம்கள் முன்கூட்டிச் சொல்வதும் இல்லை.

2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். லோதரிங் ஊரில் ஸ்டென் என்ற தோழர் கூண்டில் அடைபட்டு நிற்பார். இன்னொரு தோழர் லெலியானா மதுக்கடையில் இருப்பார். ஊர் சின்னது, அவசரத்தில் இருவரையும் கடந்து போய்விடலாம். பெரிய பணிகளில் ஒன்றை வெளியே முடித்துவிட்டு வந்தால் லோதரிங்கே அழிந்திருக்கும். கூண்டும் போச்சு, ஸ்டென்னும் போச்சு.

ஃபைனல் ஃபேன்டஸி 6 (1994) இன்னும் கொடூரம். மிதக்கும் கண்டத்திலிருந்து தப்பும்போது திரையில் கடிகாரம் இறங்கிக்கொண்டிருக்கும். விளிம்புக்கு வந்ததும் 'குதி', 'காத்திரு' என்று கேட்கும். கை தானாகக் குதிக்கத்தான் போகும். கடைசி 5 நொடி வரை காத்திருந்தால்தான் ஷேடோ என்ற தோழர் ஓடி வருவார். இல்லையென்றால் செத்தார், மீதிக் கதையில் அவர் கிடையாது. இதை யாரும் சொல்லாமல் கண்டுபிடித்தவர்களுக்கு என் வணக்கம்.

பால்டர்ஸ் கேட் 3இல் (2023) சிக்கல் வேறு: அகதிகள் தங்கியிருக்கும் தோப்பைத் தாக்கும் பக்கம் நீங்கள் சேர்ந்தால், ஏற்கெனவே கூட இருக்கும் வில், கார்லக் என்ற இரு தோழர்களும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். குழுவில் 4 பேருக்குத்தான் இடம் என்று யாரையும் மறுக்க வேண்டாம், மற்றவர்கள் முகாமில் காத்திருப்பார்கள்.

நான் இப்போது குறைந்தது மூன்று ஸ்லாட் வைத்து மாற்றி மாற்றிச் சேவ் செய்கிறேன். புது ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒன்று, பெரிய பணியைத் தொடங்கும் முன் ஒன்று. பெயர் சொல்லிப் பேசும் ஆள் எவரையும் ஒரு முறையாவது பேசவிட்டுத்தான் நகர்வேன். எந்த ஊரில் யார் சேர்வார் என்பதை மட்டும் இணையத்தில் பார்த்துக்கொள்வதால் கதை கெட்டுவிடாது.

அடிக்கடி சேவ் செய்வதற்கும் விலக்கு உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 7இல் (1997) காட்டில் யுஃபி என்ற வருங்காலத் தோழியைத் தோற்கடித்ததும் பக்கத்திலேயே ஒரு சேவ் பாயின்ட் (சேவ் செய்யும் இடம்) தெரியும். அங்கே போனால் அவள் மாயமாகிவிடுவாள். தப்பாகப் பதில் சொன்னாலோ பணத்தையும் சுருட்டிக்கொண்டு ஓடுவாள். நல்லவேளை, அவளை மறுபடி காட்டில் தேடிப் பிடிக்கலாம். பணம்தான் போனது போனதுதான்.