உப்புத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள்

போன வாரம் ஒரு அம்மா தன் ஜக்கார்டு பெட்ஷீட்டை, அதாவது தறியிலேயே உருவம் நெய்த பெட்ஷீட்டை, பையில் போட்டுக்கொண்டு சென்னிமலைக்கு, எங்கள் நெசவாளர் சங்கத்துக்கே வந்துவிட்டார். பெட்ஷீட்டின் உடல் அரக்கு நிறம், அதில் சந்தன நிறத்தில் மயிலும் கொடியும். மேசையில் விரித்தபோது மயில் முழுக்க ரோஸ் நிறம். மடிப்பு விழுந்த இடங்களில் திட்டுத் திட்டாக இன்னும் அடர்த்தி.

"உப்புப் போட்டு ராத்திரி பூரா ஊற வெச்சேங்க தம்பி, அப்படியும் சாயம் நிக்கலை."

உப்புப் போட்டதால்தான் இப்படி ஆனது. இந்த மாதத்தில் இது நான்காவது பெட்ஷீட். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தறிக்கு வரும் நூல், நெய்வதற்கு முன்பே சிட்டமாக (நூல் கட்டாக) இருக்கும்போதே சாயம் ஏறி வருகிறது. சாயப்பட்டறையில் தொட்டியில் உப்பைக் கொட்டுவது உண்மைதான். ஆனால் அங்கே உப்பின் வேலை, தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை நூல் பக்கம் தள்ளுவது மட்டும். பருத்தி நூலுக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நூலோடு பிணைவது சோடா ஆஷ் என்ற காரத்தைப் போட்ட பிறகு. பிணையாமல் மேலாக ஒட்டி நிற்கும் மிச்சத்தைச் சோப்புப் போட்டு, கொதிக்கக் கொதிக்க அலசி எடுக்க வேண்டும். அவசரப்படும் பட்டறைகள் கைவைப்பது இந்த அலசலில்தான். அந்த மிச்சம்தான் உங்கள் வாளியில் கழன்று வருகிறது. அது இனி எந்த உப்பாலும் நூலோடு பிணையாது.

சரி, வாளியில் உப்புப் போட்டால் என்ன ஆகும்? தொட்டியில் செய்த அதே வேலையை உப்பு இங்கேயும் செய்யும். அரக்கு நூலில் கழன்ற சாயத்தைப் பக்கத்திலிருக்கும் சந்தன நூல்மேல் தள்ளும். காலையில் தண்ணீர் அவ்வளவாகக் கலங்கவில்லை, சாயம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுகிறீர்கள். தண்ணீரில் இல்லாத சாயம் மயில்மேல் ஏறியிருக்கிறது. வினிகரும் இந்தச் சாயத்தைப் பிடித்து வைக்காது. ஒற்றை நிறத் துணியில் இந்தக் கறை கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் உப்பு வைத்தியம் இன்னும் வீடு வீடாக உயிரோடு இருக்கிறது. விற்கிற கடைக்காரர்களே இதைச் சொல்லி அனுப்புவதுதான் எனக்கு ஆறவில்லை.

"கைத்தறின்னா சாயம் போகத்தானே செய்யும்" என்பதையும் விடுங்கள். தறி நெய்கிறது, சாயம் போடுவதில்லை. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்தது என்பதற்கு மட்டும் உத்தரவாதம். 2015 ஆகஸ்ட் 7 அன்று சென்னையில் தொடங்கிய 'இந்தியா ஹேண்ட்லூம்' முத்திரைக்குச் சாயத்தையும் சோதிப்பார்கள். எந்த முத்திரையும் இல்லையா? கைக்குட்டையை நனைத்து, அடர்நிறப் பகுதியில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். நன்றாக ஒட்டினால் வாங்காதீர்கள். எந்த நெசவாளரும் வருத்தப்பட மாட்டார்.

அங்குலத்துக்கு 36 ஊடை (குறுக்கு நூல்) என்றால், 90 அங்குல பெட்ஷீட்டுக்கு 3,240 முறை, ஊடையைக் கொண்டு போகும் நாடா ஓட வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட ஓர் அட்டை புரளும், துளை இருக்கும் இடத்துப் பாவு (நெடுக்கு நூல்) மட்டும் எழும்பும். மயிலின் ஒரு கண் வருவதற்கே எத்தனை மிதி என்று தறிக்குழியில் கால் வைத்தவருக்குத் தெரியும். அது ஒரே ராத்திரியில் வாளிக்குள் பாழாவதைப் பார்க்க முடியவில்லை.

முதல் மூன்று நான்கு தடவை தனியாகத் துவையுங்கள். பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பத்து நிமிடம், உடனே அலசல். ஊற வைக்கவே வேண்டாம். ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள், அகல விரித்து நிழலில் உலர்த்துங்கள். பிரஷ் தொடவே கூடாது. பின்பக்கம் நீளமாக ஓடும் நூல் அதில் மாட்டும். அப்படி நூல் இழுபட்டால் தயவுசெய்து கத்தரிக்காதீர்கள், ஊசியால் பின்பக்கம் தள்ளிவிடுங்கள்.

இத்தனையும் செய்து, நாலாவது அலசலிலும் தண்ணீர் சிவந்தால் அது உங்கள் தப்பு இல்லை. பில்லோடு வாங்கிய இடத்துக்கே கொண்டு போங்கள். புகார் வந்தால்தான் பட்டறையிடம் கேட்க எங்களுக்கும் வாய் இருக்கும்.

ஏற்கெனவே ஊற வைத்துவிட்டீர்களா? காய விடாதீர்கள். இப்போதே எடுத்து, உப்பில்லாத தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே வேண்டாம். அந்த அம்மாவின் பெட்ஷீட் காய்ந்து மூன்று நாளாகியிருந்தது. எட்டுத் தண்ணீர் மாற்றினோம். கொடி ஓரளவு தெளிந்தது, மயில் தெளியவில்லை.